அம்மாவின் காலில் சுருண்ட சிரைகள்: ஸ்டாக்கிங் போதுமா, லேசர் வேண்டுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அம்மாவுக்கு 59 வயது. சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டுக் கடையில் பல ஆண்டுகளாக நின்றே வேலை. இடது காலில் சிரைகள் புடைத்துச் சுருண்டிருக்கின்றன (வெரிகோஸ் வெயின்). மாலையானால் கால் வீங்குகிறது. உட்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கிறது. நீரிழிவு உண்டு. பக்கத்து புளோக் டாக்டர் காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங் போடச் சொன்னார். தனியார் மருந்தகம் (கிளினிக்) ஒன்று லேசர் செய்யலாம் என்றது. பெரியம்மா எண்ணெய் தேய்த்தால் போதும் என்கிறார். நின்று வேலை செய்ததால்தான் வந்ததா, ஆராய்ச்சிகள் என்னதான் சொல்கின்றன, அடுத்த மாதம் திருச்சிக்கு விமானம் ஏறலாமா என்பது கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. ரத்தக்குழாய்களை ஸ்கேன் எடுக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன். அந்த அறையில் பார்த்ததையும், வேலைக்காகப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். நோயை உறுதிசெய்வது உங்கள் மருத்துவரின் வேலை.

உங்கள் கேள்வியில் என் கண் போய் நின்றது கறுத்த தோலிலும் நீரிழிவிலும்தான். சுருண்ட சிரையோடு எண்பது வயது வரை எந்தத் தொல்லையும் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். கணுக்காலில் தோல் நிறம் மாறிவிட்டால் கதை வேறு. ஏன் என்று புரிய, கொஞ்சம் அழுத்தக் கணக்குப் பார்க்க வேண்டும்.

உடலில் உள்ள ரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. இதயம் தமனிகள் வழியாகத் தள்ளிவிட்ட வேகம், நுண்குழாய்களைக் கடந்து வரும்போது அடங்கிப்போகும். அப்புறம் பாதத்திலிருந்து இதயம் வரை ஒரு மீட்டருக்கும் மேல் அது ஏறியாக வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மேல்மாடிக் குழாயில் நிதானமாகவும் கீழே வரவரச் சீறிக்கொண்டும் வரும் அல்லவா, அதே கணக்குத்தான். அசையாமல் நிற்கும் ஒருவரின் இதயத்திலிருந்து கணுக்கால் வரை உள்ள ரத்தத்தின் எடை முழுவதும் கணுக்கால் சிரையில் இறங்குகிறது. அங்கே அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால், கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் தனக்குள் ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடாது. சில அடிகளிலேயே அழுத்தம் 30க்குப் பக்கத்தில், சிலருக்கு அதற்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டுப்போனவருக்கு நடந்தாலும் அது சரியாக இறங்காது. சுருண்ட சிரை, வீக்கம், அரிப்பு, கறுப்பு, கடைசியில் ஆறாத புண் எல்லாமே இந்த ஒரு கோளாறிலிருந்து வருபவை.

இந்த வால்வுகளைப் பற்றி 1603இல் படுவா பல்கலைக்கழகத்தின் ஃபாப்ரீசியஸ் படங்களோடு ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவை எதற்கு இருக்கின்றன என்பதை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல் ரத்த ஓட்டத்தை விளக்கியபோது, இதே வால்வுகளைத்தான் சான்றாகக் காட்டினார். அவர் காட்டியதை நீங்களே செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டால் முன்கையில் சிரை எழும்பும். ஒரு விரலால் அதை ஓரிடத்தில் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்துவிடுங்கள். வழித்த பகுதி தட்டையாகவே இருக்கும். மேலிருந்து ரத்தம் இறங்கி நிரப்பாது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து சட்டென்று நிரம்பும். நடுவில் ஒரு வால்வு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஸ்கேன் அறையில் நாங்கள் பார்ப்பதும் இதையேதான், ஒலியலையின் உதவியோடு. வந்தவரை நிற்க வைப்போம். உடம்பின் பாரத்தை மற்றக் காலில் போட்டு, பார்க்க வேண்டிய காலின் முழங்காலை லேசாக மடக்கிக்கொள்ளச் சொல்வோம். கவட்டையில் ஜெல் தடவிக் கருவியை வைத்தால், கணுக்காலிலிருந்து தோலுக்கு அடியில் ஏறிவரும் நீள்சிரை தொடையின் ஆழ்சிரையில் வந்து சேரும் இடம் திரையில் தெரியும். மறு கையால் கெண்டைக்காலைப் பிழிந்ததும் ஒரு நிறம் குபுக்கென்று மேலே போகும். பிழிந்த கையை விட்டதும் திரை அமைதியாகிவிட வேண்டும். அமைதியாகாமல் எதிர் நிறம் கீழே வழிந்தால், அது பின்னொழுக்கு. தோலை ஒட்டி ஓடும் மேல்சிரைகளில் அது அரை விநாடிக்கு மேல் நீடித்தால் வால்வு கெட்டது என்று எழுதுவோம். தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஓடும் ஆழ்சிரைகளுக்கு ஒரு விநாடி கணக்கு. சிலருக்கு மூன்று நான்கு விநாடி வழிந்துகொண்டே இருக்கும். படுக்க வைத்து மட்டும் எடுத்தால் இது மறைந்துபோகக்கூடும். அதனால் அம்மாவை நிற்க வைத்துத்தான் எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அங்கே தெரியும். கெண்டைக்காலில் முடிச்சு முடிச்சாகத் தெரிவது பெரும்பாலும் கிளைச்சிரைதான். ஒழுகும் தாய்ச்சிரை தொடைக்குள் தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். முடிச்சை மட்டும் ஊசி போட்டுச் சுருக்கிவிட்டு மேலே உள்ள ஒழுக்கை விட்டுவிட்டால், வேறு கிளை புடைக்கும். ஸ்கேன் எடுக்காமலே ஊசி போடலாம் என்று சொல்லும் இடத்திலிருந்து மெதுவாக எழுந்து வந்துவிடுவது நல்லது.

சரி, தோல் ஏன் கறுக்கிறது? அழுத்தம் இறங்காத நுண்குழாய்களிலிருந்து நீரும், அதனோடு சிவப்பணுக்களும் திசுவுக்குள் கசிகின்றன. சிவப்பணு உடைந்ததும் அதிலுள்ள இரும்பு தோலில் தங்கிப் பழுப்பாகவும் கறுப்பாகவும் படிகிறது. இதற்கு மேல் என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் பல காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். 1982இல் பிரவுஸ், பர்னாண்ட் என்ற இரு பிரிட்டிஷ் அறுவை மருத்துவர்கள், கசிந்த ஃபைப்ரின் புரதம் நுண்குழாயைச் சுற்றி உறைபோலப் படிந்து பிராண வாயுவை மறிக்கிறது என்றார்கள். 1988இல் வேறொரு குழு, வெள்ளணுக்கள் நுண்குழாய்களில் சிக்கி, அங்கேயே தூண்டப்பட்டுத் திசுவைக் கெடுக்கின்றன என்றது. இரண்டாவது வழியில்தான் பிற்கால ஆய்வுகள் அதிகம் சென்றன. இன்று இதை நாள்பட்ட அழற்சியாகவே பார்க்கிறார்கள். அந்த அழற்சி நீடித்தால் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு இறுகி, கணுக்காலுக்கு மேலே கால் ஒடுங்கிக் கட்டையாகிவிடும். சில நேரம் அந்த இடம் சிவந்து வலிக்கும்போது தோல் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். காய்ச்சல் இல்லை, இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிறது, மருந்துக்கு அசையவில்லை என்றால் சிரைக் கோளாறாக இருக்குமா என்று கேட்க வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டால் சூடாக, பளபளப்பாக, கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

மருத்துவர்கள் இந்நோயைப் பூஜ்யம் முதல் ஆறு வரை படிகளாகப் பிரிப்பார்கள். மெல்லிய சிலந்திக்கோடுகள் முதல் படி, சுருண்ட சிரை இரண்டு, வீக்கம் மூன்று, தோல் மாற்றம் நான்கு, ஆறிய புண் ஐந்து, ஆறாத புண் ஆறு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்மா நான்காம் படியில் இருப்பதாகத் தோன்றுகிறது. இனியும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

நின்று வேலை செய்ததால்தான் வந்ததா என்று கேட்டீர்கள். ஓரளவுக்கு ஆமாம். டென்மார்க்கில் உழைக்கும் மக்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், பெரும்பாலும் நின்றோ நடந்தோ வேலை செய்பவர்கள் இதற்காக மருத்துவமனையில் சேருவது மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. பரோட்டாக் கல் முன்னால் நிற்பவர், பேரங்காடிக் காசாளர், பாதுகாவல் ஊழியர், தாதி என்று நம் ஊரில் இந்தப் பட்டியல் நீளம். ஆனால் அதே கடையில் அதே நேரம் நின்ற இன்னொருவருக்கு ஒன்றுமே வருவதில்லையே! அங்கேதான் மரபணு வருகிறது. பிரிட்டனின் பயோபேங்க் என்ற உடல்நலத் தகவல் திரட்டிலுள்ள ஏறத்தாழ 5 லட்சம் பேரின் தகவலை அலசி 2018இல் வெளியான ஆய்வு, இதோடு தொடர்புடைய 30 மரபணு இடங்களைக் கண்டது. அவற்றில் பீசோ 1 என்ற மரபணு ரத்தக்குழாய்ச் சுவர் அழுத்தத்தை உணர உதவும் புரதத்தை உண்டாக்குவது. பீசோ புரதங்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ஆர்டெம் படபூடியனுக்கு 2021 நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. உயரமானவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நான் மேலே சொன்ன அழுத்தக் கணக்குக்கு அது பொருந்தித்தான் வருகிறது.

இது பெண்களுக்கு வரும் நோய் என்ற எண்ணமும் அவ்வளவு சரியில்லை. எடின்பரோ நகரில் 1990களில் 18 முதல் 64 வயதுவரை 1,566 பேரைத் தேடிப் பரிசோதித்தபோது, பெரிய சிரைகள் சுருண்டிருந்தது ஆண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு, பெண்களில் 32 விழுக்காட்டினருக்கு. கர்ப்பகாலத்தில் பெண்களுக்குக் கூடுவது உண்மைதான். ஆண்கள் காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். நீள காற்சட்டை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. உங்களுக்கும் அம்மாவின் கால்கள் வாய்த்திருக்கலாம். ஒருமுறை கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிகிச்சை. 1891இல் டிரெண்டலென்பர்க் என்ற ஜெர்மானியர் தொடையில் நீள்சிரையைக் கட்டிவிடும் முறையை எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரையையே உருவி எடுக்கும் அறுவை வந்தது. நம் பாட்டி காலத்து ஆட்கள் "நரம்பை உருவிட்டாங்க" என்று சொன்னது இதைத்தான். 1990களின் கடைசியில் வெட்டாமல் உள்ளிருந்தே சுட்டு மூடும் முறைகள் வந்தன: ஒன்று ரேடியோ அலை, மற்றது லேசர். ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே முழங்கால் பக்கம் ஊசித்துளை வழியாக மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி, சுற்றிலும் மரத்துப்போகும் நீரைச் செலுத்தி, சூடேற்றிக்கொண்டே பின்னால் இழுப்பார்கள். அன்றே நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். 2000இல் இத்தாலியரான தெஸ்ஸாரி, இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே மருந்தையும் காற்றையும் மாற்றி மாற்றித் தள்ளி நுரையாக்கும் எளிய வழியைக் காட்டினார். அதிலிருந்து நுரை ஊசி பரவியது. பின்னால் வந்தது சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டி மூடுவது. இதைச் சிங்கப்பூர் பொது மருத்துவமனை மருத்துவர்கள் நம் ஊர் நோயாளிகளுக்குச் செய்து பின்தொடர்ந்து, முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். பசைக்குச் சூடு வேண்டாம், அதனால் சுற்றிலும் பல ஊசிகள் வேண்டாம் என்பது வசதி. சிலருக்குச் சிரை ஓடும் வழியெங்கும் சிவந்து அரிக்கும் ஒவ்வாமை வரும் என்பது குறை. ஒட்டும் பொருள் எதற்காவது அம்மாவுக்கு ஒவ்வாமை உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எது சிறந்தது? பிரிட்டனில் 798 பேரை நுரை, லேசர், பழைய அறுவை என்று பிரித்து ஒப்பிட்ட கிளாஸ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2019இல் வந்தது. நோயாளிகளே சொன்ன வாழ்க்கைத் தரத்தில் லேசரும் அறுவையும் நுரையைவிட மேல். பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இலேயே, தொந்தரவு தரும் சிரைக்கு முதலில் சூட்டால் மூடுவது, அது முடியாவிட்டால் நுரை, அதுவும் முடியாவிட்டால் அறுவை என்று வரிசை சொல்லிவிட்டது. லேசருக்கும் ரேடியோ அலைக்கும் இடையே நோயாளிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. "எங்களிடம் மட்டும்தான் இந்த இயந்திரம் இருக்கிறது" என்பதை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள். செய்பவரின் கைப்பழக்கமும், செய்யுமுன் எடுத்த ஸ்கேனும் இயந்திரத்தைவிட முக்கியம்.

ஒரு சிரையை மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று ஸ்கேன் அறையில் கேட்காதவர் குறைவு. காலின் ரத்தத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆழ்சிரைகள் வழியாகத்தான் போகிறது. மேலே ஒழுகும் சிரை உதவி செய்வதில்லை. ஏற்றிய ரத்தத்தைத் திரும்பக் கீழே கொட்டிக்கொண்டிருக்கிறது. ஆழ்சிரை நன்றாக இருக்கிறதா, பழைய ரத்த உறைவால் அடைத்திருக்கிறதா என்பதை மட்டும் முன்னதாக உறுதிசெய்தாக வேண்டும். அடைத்திருந்தால் மேல்சிரையே மாற்றுவழியாக இருக்கலாம், அதை மூடக்கூடாது.

நம்மவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி பைபாஸ் பற்றியது. 1967இல் ரெனே ஃபவலோரோ கிளீவ்லாந்தில் இதயத்துக்கு மாற்றுவழி அமைக்கக் காலின் நீள்சிரையைப் பயன்படுத்தியதிலிருந்து, அது எதிர்காலத்துக்கு எடுத்துவைத்த உதிரிபாகம் மாதிரி ஆகிவிட்டது. நம் குடும்பங்களில் மாரடைப்பு குறைவா என்ன? அதனால் கவலை நியாயமானது. ஆனால் நன்றாகப் புடைத்துச் சுருண்டுவிட்ட சிரை பைபாஸுக்குப் பெரும்பாலும் உதவாது. நல்ல நிலையில் உள்ள சிரையைத் தேவையில்லாமல் மூடுவதுதான் தவறு. அம்மாவின் வலது கால் சிரை நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டியதே இல்லை.

தோல் மாறிய கட்டத்தில் தள்ளிப்போடலாமா என்பதற்குப் புண் ஆய்வுகளிலிருந்து குறிப்பு கிடைக்கிறது. 2004இல் வெளியான எஸ்கார் ஆய்வில் 500 பேரில் ஒரு பாதிக்கு அழுத்தக்கட்டு மட்டும், மறு பாதிக்குக் கட்டோடு சிரை அறுவையும். புண் ஆறியதில் வித்தியாசம் இல்லை. 24 வாரத்தில் இரு பக்கமும் 65 விழுக்காடு. ஆனால் ஓராண்டில் புண் திரும்ப வந்தது கட்டு மட்டும் போட்டவர்களில் 28 விழுக்காடு, அறுவையும் செய்தவர்களில் 12 விழுக்காடு. 2018இல் வந்த எவ்ரா ஆய்வு 450 பேரிடம் இன்னொரு கேள்வி கேட்டது: புண் ஆறட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு வாரத்துக்குள் சிரையை மூடினால்? புண் ஆற எடுத்த நாட்களின் இடைநிலை 82இலிருந்து 56ஆகக் குறைந்தது. அம்மாவுக்குப் புண் இன்னும் வரவில்லை. ஆகவே இந்த எண்களை அப்படியே அவர் மீது ஒட்ட முடியாது. ஆனால் ஒழுக்கை அடைத்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தோல் தேறும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்கேனில் ஒழுக்கு உறுதியானால், என் அம்மாவாக இருந்தால் மூடச் சொல்வேன்.

அப்படியானால் ஸ்டாக்கிங்? புண்ணுக்கு அழுத்தக்கட்டு நிச்சயம் உதவும். அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. புண் இல்லாத சுருண்ட சிரைக்கு ஸ்டாக்கிங் மட்டும் போதுமா என்று கேட்டால், பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழுவின் 2021 மீளாய்வு போதிய ஆதாரம் இல்லை என்றது. வீக்கமும் கனமும் குறையும், அது பலருக்குத் தெரிந்த அனுபவம். சிரையை அது குணப்படுத்தாது.

ஆனால் ஸ்டாக்கிங் வாங்குமுன் ஒன்று செய்தாக வேண்டும். இதைத்தான் நான் அடிக்கோடிட்டுச் சொல்வேன். நீரிழிவு உள்ளவருக்குச் சிரையோடு தமனியும் கெட்டிருக்கலாம். கீழே இறங்கும் ரத்தமே குறைவாக உள்ள காலை இறுக்கினால் தோல் செத்துப்போகும். 2010 தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; மூன்று பெரிய இனங்களில் அப்போது நாம்தான் முன்னால். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. காலை இழப்பதில் முடியும் கதைகள் இங்கே குறைவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பரிசோதனை எளியது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே போனால் தமனி அடைப்பு. 0.5க்குக் கீழே என்றால் இறுக்கமான ஸ்டாக்கிங் கூடவே கூடாது. இடைப்பட்ட அளவுக்கு நிபுணர் சொல்லும் இலகுவான இறுக்கம்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீண்டநாள் நீரிழிவில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு ஏறி, பட்டையால் இறுக்கினாலும் நசுங்காது. அப்போது கணக்கு 1.4க்கு மேல் வரும். பார்க்க நன்றாக இருப்பதுபோல் இருக்கும், உள்ளே அடைத்திருக்கும். அத்தகையவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் எடுக்க வேண்டும். "சுகர் இருக்கிறது, கால் விரலில் எடுப்பீர்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தமனி சரி என்று தெரிந்தபின் முழங்கால் வரையிலான ஸ்டாக்கிங் போதும். வீக்கம் ஏறுமுன், காலையில் எழுந்ததும் போட வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் வழுக்காமல் ஏறும். மேல்விளிம்பை மடித்துவிடக் கூடாது. மடித்த இடம் இரண்டு மடங்காக இறுக்கிக் கயிறு கட்டியதுபோல் ஆகிவிடும். நம் வெயிலுக்கு வியர்க்கும், அரிக்கும், நாலு நாளில் அலமாரிக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். விரல் திறந்த வகை கொஞ்சம் தேவலை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் என்றால் இறுக்கம் வலிக்காது. ஆகவே இரவில் கழற்றியதும் விரல்களையும் குதிகாலையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பெரியம்மாவின் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லதுதான், மெதுவாகத் தடவட்டும். வால்வை அது சரிசெய்யாது. மருந்துக்கடையில் கிடைக்கும் டாஃப்லான் வகை மாத்திரைகள் வீக்கத்தைச் சற்றுக் குறைக்கலாம், வாழ்க்கைத் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2020 காக்ரேன் மீளாய்வு சொல்கிறது. கடையில் நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குவது, இடையிடையே பத்தடி நடப்பது, வீட்டில் காலை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வைப்பது ஆகியவற்றுக்குச் செலவு இல்லை.

ரத்த உறைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் வெளியான தைவான் ஆய்வில் சுருண்ட சிரை உள்ள ஏறத்தாழ 2 லட்சத்து 13 ஆயிரம் பேரையும் அதே எண்ணிக்கையில் இல்லாதவர்களையும் ஒப்பிட்டபோது, ஆழ்சிரை உறைவு முன்னவர்களிடம் ஐந்து மடங்குக்கும் சற்று அதிகம். ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்து வருகின்றன. ரத்தத்தை எளிதில் உறையச் செய்யும், ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் மரபணு மாற்றம் கிழக்காசியரிடம் அரிது. அதனாலேயே ஆசியருக்கு உறைவு வராது என்ற நினைப்பு நெடுநாள் இருந்தது. வரத்தான் செய்கிறது. ஒரே கால் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அந்தக் காலை உருவிவிடுவதோ மசாஜ் இயந்திரத்துக்குள் வைப்பதோ கூடாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே 995 ஆம்புலன்ஸ். சுருண்ட சிரை வெடித்து ரத்தம் பீறிட்டாலும் பதறாமல் அம்மாவைப் படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு துடைத்தால் நிற்காது.

போக வேண்டிய வழி: பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி, அங்கிருந்து அரசாங்க மருத்துவமனையின் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அப்படிப் போனால் நிபுணர் கட்டணத்துக்கு மானியம் கிடைக்கும்; சில வாரங்கள் காத்திருக்க நேரலாம். தோல் கறுத்தது, அரிப்பு, நீரிழிவு மூன்றையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் சிரைச் சிகிச்சைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். அழகுக்காகச் செய்வதற்கு முடியாது. எவ்வளவு எடுக்கலாம், கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை நாள் குறிக்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் திருச்சி. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் உறைவு ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொன்னது. இரு மடங்கு என்றால் பயமாக இருக்கும். எண்ணிக்கையில் அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர். திருச்சிப் பயணம் அந்த எல்லையை ஒட்டித்தான் வருகிறது. அம்மாவுக்கு முன்பு உறைவு வந்ததில்லை, புற்றுநோய் இல்லை, அண்மையில் அறுவை ஏதும் இல்லை என்றால் தாராளமாகப் போகலாம். நடைபாதையோர இருக்கை எடுங்கள், பாதத்தை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், தமனிப் பரிசோதனை முடிந்திருந்தால் ஸ்டாக்கிங்கும் போடட்டும். சிகிச்சைக்கு நாள் கிடைத்து அது பயணத்துக்குச் சற்று முன்னால் விழுந்தால், டிக்கெட்டை மாற்ற வேண்டுமா என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.